முப்பத்தேழாவது குறை

அந்தக் குடும்பத்தில் காரணம் சொல்லும் பழக்கம் யாருக்கும் கிடையாது. செய்ததைச் செய்தாயிற்று, அதற்கு விளக்கம் வேறு எதற்கு என்று முதுகை வளைக்காமல் நிற்பதுதான் அவர்கள் வழக்கம். அப்பா நீதிமன்றத்தில் நாற்பது ஆண்டு எழுத்தராக இருந்து, தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவர். அவர் கை பட்டு வெளியே போன தாள் எதிலும் ஓர் அடித்தல், ஒரு திருத்தல் இருந்ததில்லை. "அவர் எழுதினா கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடலாம்" என்று நீதிபதிகளே சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சுதான் அந்த வீட்டின் சொத்து.

மகளுக்கு அந்த முதுகு அப்படியே வாய்த்தது. நாற்பத்து நான்கு வயதில் பதினாறு பேர் வேலை செய்யும் ஒரு கணினி விளையாட்டு நிறுவனத்தை நடத்தினாள். வாசலில் நிற்கும் காவலரிலிருந்து தலை நரைத்த ஒலிப்பதிவாளர் வரை எல்லோரும் அவளை அக்கா என்றே அழைத்தார்கள். அந்த அழைப்புக்கு உண்மையான சொந்தக்காரன் ஒருவன்தான். அவளுக்கு ஒன்பது வயது இளைய தம்பி. நிறுவனத்தின் கை கால் எல்லாம் அவள் என்றால் மூளை அவன்.

அவர்கள் செய்த முதல் விளையாட்டின் பெயர் 'அடியோசை'. அதில் சண்டை கிடையாது. பெரிய வீடுகளுக்குள் சத்தமில்லாமல் நுழைந்து, திரைக்குப் பின்னாலும் மேசைக்கு அடியிலும் பதுங்கி, காவலாளியின் காலடிச் சத்தத்தை வைத்தே அவன் எங்கே நிற்கிறான், எப்போது திரும்புவான் என்று கணித்து, எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும். ஆறு பேர் ஒரு மொட்டைமாடி அறையில் உட்கார்ந்து செய்தது. எங்கெங்கோ இருப்பவர்கள் எல்லாம் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். விருது ஒன்றும் வந்தது. கோப்பையைத் தம்பி வீட்டுக்கு எடுத்து வந்து கூடத்து மேசையில் வைத்தான். அப்பா கையிலிருந்த செய்தித்தாளை மடிக்காமலே ஒரு பார்வை பார்த்தார்.

"நாப்பது வருஷம் திருடங்க பேரை எழுதினேன். எம் மகன் திருடறது எப்படின்னு ஊருக்கே பாடம் நடத்தறான். நல்லா இருக்கு."

"அது விளையாட்டுப்பா."

"வேற எதுவா இருந்தாலும் நாலு பேர்கிட்ட சொல்லியிருப்பேன்."

தம்பி கோப்பையை எடுத்துக்கொண்டான். அந்த வாரமே அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போனான். அம்மா இருந்திருந்தால் இருவரையும் பிடித்து உட்கார வைத்திருப்பாள். அவள் போய் அப்போதே ஐந்து ஆண்டு ஆகியிருந்தது. நடுவில் நின்றவள் அக்கா மட்டும்தான். அவளுக்கும் தூது போகத் தெரியாது. மூன்று ஆண்டு அப்பாவும் மகனும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

அந்த மூன்று ஆண்டில்தான் இரண்டாம் பாகம் உருவானது. பத்து வீடுகள், பத்துக் கட்டங்கள். ஒன்பது வீடுகளை மற்றவர்கள் பங்கு போட்டுச் செய்தார்கள். பத்தாவதைத் தம்பி யாரையும் தொடவிடவில்லை. ஊரெல்லாம் வீடு புகுந்த அந்தத் திருடன், கடைசியில் தான் பிறந்த வீட்டுக்குள்ளேயே ஒளிந்து நுழைகிறான் என்பது கதை. அந்த வீட்டின் வரைபடத்தைத் திரையில் பார்த்ததுமே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. நீண்ட நடை, மாடிப்படி, படிக்குக் கீழே இடைவெளி விட்டு மரச்சட்டங்கள் வைத்த கதவு போட்ட அலமாரி. அவர்களுடைய வீடேதான்.

"ஏன்டா, வேற வீடே கெடைக்கலையா உனக்கு?"

"இந்த வீட்டுலதான் நான் ஒளியக் கத்துக்கிட்டேன்," என்றான். பிறகு, "அக்கா, அப்பாவோட பழைய ஷூ இருக்கா? அடியில லாடம் அடிச்சது?"

"எதுக்கு?"

"இருந்தா கொண்டு வா."

இருந்தது. அப்பா நீதிமன்றத்துக்குப் போட்டுக்கொண்டு போன பழுப்பு நிறத் தோல் ஷூ, கட்டிலுக்கு அடியில் பெட்டியில் கிடந்தது. அவரிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டு வந்தாள். அப்பாவின் கால் தம்பியின் காலைவிட ஓர் அளவு பெரிது. தம்பி ஷூவின் முனையில் பஞ்சை உருட்டி அடைத்துக்கொண்டு, ஒலிப்பதிவு அறையில் பரப்பிய பலகைகள்மேல் நடந்தான்.

நரைத்த ஒலிப்பதிவாளருக்கு அலுவலகத்தில் 'காது' என்று பெயர். அவர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து உதட்டைப் பிதுக்கினார். "ஷூ மாறினா போதுமா? நடக்கறது நீதானே தம்பி. எலி ஓடற மாதிரி இருக்கு."

"இப்பப் பாருங்க காது சார்." தம்பி முதுகை நிமிர்த்தினான். கைகளைப் பின்னால் கட்டினான். முகவாயை ஒரு விரற்கடை உயர்த்தினான். பதினொரு அடி எடுத்து வைத்துக் கண்ணாடிக்கு அப்பால் நடந்து போனது அப்பா. அக்கா முதலில் சிரித்தாள். பிறகு ஏதோ வேலை இருப்பது போல வெளியே போய்விட்டாள்.

விளையாட்டு வெளியாக நான்கு மாதம் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை காலை, தேநீர்க் கோப்பையோடு அலுவலகப் படி ஏறிய தம்பி பாதிப் படியில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். முப்பத்தைந்து வயது.

அப்பா மருத்துவமனைக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். நினைவு திரும்பாத மகனின் கால்மாட்டில் மூன்று மணி நேரம் நின்றார். உட்காருங்கள் என்று செவிலி நாற்காலி கொண்டுவந்து போட்டாள், உட்காரவில்லை. மூன்று மணி நேரத்துக்குப் பிறகு நிற்பதற்கு அவசியம் இல்லாமல் போனது.

எல்லாம் முடிந்து வந்தவர்கள் கலைந்த பிறகு, கூடத்தில் அவர்கள் இருவர் மட்டும் இருந்தபோது அப்பா கேட்டார்.

"உங்கிட்ட ஏதாவது சொன்னானா?"

"எதைப் பத்திப்பா?"

சுவரைப் பார்த்தார். "பொதுவா." கொஞ்ச நேரம் கழித்து, "என்னைப் பத்தி."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்த வீட்டில் பொய் சொல்லி யாருக்கும் பழக்கம் இல்லை. "இல்லப்பா," என்றாள்.

"சரி," என்றார். மறுபடி கேட்கவே இல்லை. ஆனால் அன்றிலிருந்து, மாலையில் அவள் அலுவலகத்திலிருந்து திரும்பி வாசற்படி ஏறும்போதெல்லாம், செய்தித்தாளுக்கு மேலாக ஒரு கணம் அவள் முகத்தைப் பார்ப்பார். உடனே குனிந்துகொள்வார். அந்தப் பார்வை என்ன கேட்கிறது என்பது அவளுக்குத் தெரியும். அவளிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை.

அலுவலகத்தில் வேலை நிற்கவில்லை. விளையாட்டில் கண்டுபிடிக்கப்படும் குறைகள் எல்லாம் ஒரே பட்டியலில் ஏறும். ஒவ்வொரு குறைக்கும் நேராக, அதைச் சரிசெய்ய வேண்டியவர் பெயர் இருக்கும். தம்பி பெயருக்கு நேராக முப்பத்தேழு குறைகள் நின்றன. மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அக்கா சம்மதிக்கவில்லை.

"அவன் பேர்லயே இருக்கட்டும். நான் முடிக்கறேன். முடிச்சதும் அவன் பேருக்கு நேரா ஒண்ணுமே நிக்கக் கூடாது. வேலையைப் பாதியில போட்டுட்டுப் போயிட்டான்னு நாளைக்கு ஒருத்தன் வாய் பேசக் கூடாது."

அவளும் ஆரம்பத்தில் கணினி நிரல் எழுதியவள்தான். பதினோரு ஆண்டாகத் தொடாத வேலையை மறுபடி கையில் எடுத்தாள். ஒரு வீட்டில் சன்னல் திரை காற்றில்லாமல் ஆடியது, நிறுத்தினாள். இன்னொன்றில் காவலாளி சுவருக்குள் பாதி உடம்பைப் புதைத்துக்கொண்டு நடந்தான். வெளியே இழுத்து விட்டாள். ஏழு வாரத்தில் முப்பத்தாறு குறைகள் தீர்ந்தன. ஒவ்வொன்றும் தீர்ந்து பட்டியலிலிருந்து மறையும்போது, தம்பியின் சட்டையில் ஒட்டியிருந்த தூசியை ஒவ்வொன்றாகத் தட்டிவிடுவது போல அவளுக்கு இருந்தது.

முப்பத்தேழாவது, பத்தாவது வீட்டில். விளையாடுபவன் படிக்குக் கீழே உள்ள அலமாரிக்குள் ஒளிகிறான். அவன் சட்டை நுனி கதவிடுக்கில் மாட்டி வெளியே தெரிகிறது. காவலாளி வருகிறான், நிற்கிறான், குனிந்து சட்டை நுனியைப் பார்க்கிறான். பார்த்த பிறகும் கதவைத் திறக்காமல் போகிறான். மற்ற ஒன்பது வீடுகளிலும் இதே நிலையில் காவலாளி கதவைத் திறப்பான், ஆட்டம் முடியும். இங்கே மட்டும் ஏன் இப்படி?

குறையை எழுதியவள் விளையாட்டைச் சோதித்துப் பார்க்கும் பெண். பின்னால் வந்து நின்றால்கூடத் தெரியாது என்பதால் அவளைப் 'பூனை' என்பார்கள். மூன்று முறை எழுதியிருந்தாள். மூன்று முறையும் தம்பி ஒரு வார்த்தை பதில் எழுதாமல் அதைப் பட்டியலின் அடிக்குத் தள்ளியிருந்தான்.

"நேர்ல கேக்கலையா நீ?" என்றாள் அக்கா.

"கேட்டேன்க்கா. சிரிச்சாரு. அவ்வளவுதான்." பூனை கொஞ்சம் தயங்கினாள். "அக்கா, இதை மட்டும் விட்டுடலாமா? எழுதினது நான்தான். ஆனா தினமும் பார்த்துப் பார்த்து எனக்கே அது பிடிச்சுப்போச்சு. அந்தாளு அப்படி நிக்கறப்ப ஏதோ மாதிரி இருக்குது."

"உனக்குப் பிடிச்சா சரியாப் போச்சா? வாங்கி விளையாடறவன் என்ன சொல்வான்? கடைசி வீட்டுல காவக்காரனுக்குக் கண்ணு தெரியலம்பான். என் தம்பி பேர்ல ஒரு குறை நிக்கணுமா?"

பூனை தன் இடத்துக்குப் போனாள்.

அக்கா நிரலைத் திறந்து பார்த்தாள். காவலாளி பார்த்துவிட்டான் என்பது வரை எழுதியிருந்தது. திறப்பது எழுதப்படவில்லை. முடிக்காமல் போய்விட்டான், பாவம் என்று நினைத்தாள். அலமாரிக்கு முன்னால் காவலாளி பேச ஓர் ஒலித்துண்டு வைத்திருந்தான். 'தம்பி குரல்' என்று காது அதற்குப் பெயரிட்டிருந்தார். அதைக் கேட்க அவளுக்கு மனம் துணியவில்லை. கதவு திறக்கும் இடத்தில் பேச்சுக்கு என்ன வேலை என்று கேட்காமலே நீக்கினாள். காவலாளி கதவை விரியத் திறந்து, கையை உள்ளே விட்டு, ஒளிந்திருப்பவனைக் கொத்தாகப் பிடித்து இழுப்பது போல எழுதினாள். நன்றாகவே எழுதினாள். பட்டியலில் தம்பியின் பெயருக்கு நேராக ஒன்றும் இல்லாமல் ஆனது. அன்று கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள். முகம் கழுவிக்கொண்டு வந்து, ஆகட்டும், வேலையைப் பாருங்கள் என்றாள்.

'அடியோசை இரண்டு' வெளியானது. முதல் பாகத்தைத் தாண்டிவிட்டது என்று எழுதினார்கள். எல்லாவற்றையும்விடக் கடைசி வீட்டைப் பற்றித்தான் அதிகம் எழுதினார்கள். "அந்தக் கதவு திறக்கும் கணம் என் வாழ்நாளில் மறக்காது" என்றார் ஒருவர். "தப்பவே முடியாது என்று புரிந்துகொள்ளும் அந்த நொடியில்தான் இந்த விளையாட்டு முழுமை பெறுகிறது" என்றார் இன்னொருவர். அந்தக் காட்சியை மட்டும் வெட்டியெடுத்துக் கைபேசி கைபேசியாகக் கடத்தினார்கள். மறைந்த கலைஞனின் கடைசி மேதைமை என்று ஒரு பத்திரிகை தலைப்பே போட்டது. அக்கா அந்தப் பக்கத்தைக் கத்தரித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தாள்.

அந்தக் காட்சி சித்தப்பாவின் கைபேசிக்கும் வந்து சேர்ந்தது. அவருக்கு வாயில் ஒன்றும் நிற்காது. அண்ணனைக் கூப்பிட்டார். "அண்ணே, உங்க பையன் கேமைப் பார்த்தேன். அதுல ஒரு காவக்காரன் வர்றான் பாருங்க, அப்படியே உங்க நடை! நான் பயந்து எழுந்து நின்னுட்டேன்."

மறுநாள் காலை பத்து மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் அப்பா அலுவலக வாசலில் நின்றார். அவர் அங்கே வருவது அதுதான் முதல் முறை. கையில் குடை.

"சாட்சியை நேர்ல பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்," என்றார்.

அவரைத் தம்பியின் நாற்காலியில் உட்கார வைத்தாள். பூனை அருகில் உட்கார்ந்து விளையாடத் தயாரானாள். "ஐயா, பயமா இருந்தாச் சொல்லுங்க, நிறுத்திடறேன்."

"எத்தனை கொலைக் கேஸ் எழுதியிருக்கேன் தெரியுமாம்மா? போடு."

திரையில் வீடு விரிந்தது. அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "கூடத்து சன்னல்ல ரெண்டாவது கம்பி வளைஞ்சிருக்கும்," என்றார், யாரிடமும் இல்லாமல். பூனை அந்தப் பக்கம் திருப்பிக் காட்டினாள். வளைந்துதான் இருந்தது. அப்பாவின் வாயோரம் லேசாக அசைந்தது.

பிறகு நடையில் சத்தம் கேட்டது. லாடம் பலகையில் படும் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று.

"இது என் நடை."

"உங்க ஷூதான்ப்பா. அவன்தான் போட்டு நடந்தான். உங்களைக் கேக்காம நான்தான் எடுத்துட்டு வந்தேன்."

பதினோராவது அடியில் காவலாளி அலமாரி முன்னால் நின்றான். குனிந்தான். சட்டை நுனியைப் பார்த்தான். கதவை விரியத் திறந்து கையை உள்ளே விட்டான். பிடித்து இழுத்தான். திரை கருத்தது.

அப்பா குடையை ஊன்றி எழுந்து நின்றார்.

"நான் திறக்கலையே," என்றார்.

"என்னப்பா?"

"நான் கதவைத் திறக்கவே இல்லையே. அவனுக்கு ஒம்பது வயசு. தீர்ப்பு நகல் முப்பது பக்கம் வீட்டுல வச்சு எழுதிட்டிருந்தேன். மை பாட்டிலைத் தட்டி விட்டுட்டு ஓடிட்டான். நான் வீடு பூரா தேடினேன். உனக்கு ஞாபகம் இருக்கும்."

இருந்தது. அவளுக்கு அப்போது பதினெட்டு. சமையலறை வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா அலமாரி முன்னால் நின்றதையும், தொண்டையைக் கனைத்துக்கொண்டு "இங்க இல்ல" என்று அம்மாவிடம் உரக்கச் சொல்லிவிட்டுத் திரும்பியதையும் பார்த்தாள். அப்பா ஏமாந்துவிட்டார், தம்பி பிழைத்தான் என்று அன்றைக்கு நினைத்ததுதான். இருபத்தாறு ஆண்டாக அப்படியேதான் நினைத்திருந்தாள்.

"சட்டை நுனி வெளிய தெரிஞ்சதும்மா," என்றார் அப்பா. "நீல சட்டை. அது நடுங்கிட்டே இருந்தது. எனக்குக் கை வரல. இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன். மறுநாள் விடிகாலையில எழுந்து முப்பது பக்கத்தையும் திரும்ப எழுதினேன். நான் பார்த்தது அவனுக்குத் தெரியாதுன்னு இருந்தேன். தெரியாமலேதான் போயிருக்கு போல." திரையைக் குடை நுனியால் காட்டினார். "இப்படித்தான் அவன் மனசுல நான் நின்னிருக்கேன். புடிச்சு இழுக்கறவனா. சரி. கேட்டதுக்குப் பதில் கெடைச்சுது."

பூனை அக்காவைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். யாரும் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பத்திரிகையின் தலைப்பு மேசைக் கண்ணாடிக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. அக்காவுக்கு வாழ்க்கையில் முதல் முறையாக முதுகு வளைந்தது.

"அப்பா, அது அவன் எழுதினதில்ல. நான் மாத்தினது."

"நீயா?"

"அவன் திறக்கற மாதிரி எழுதவே இல்லப்பா. காவலாளி பார்ப்பான். பார்த்துட்டுப் போயிடுவான். நான் அதைக் குறைன்னு நெனச்சேன். அவன் பேர்ல ஒரு குறையும் இருக்கக் கூடாதுன்னு நான்தான்…"

எழுதியதை எத்தனை முறை மாற்றினாலும் பழையதையும் கணினி பத்திரமாக வைத்திருக்கும். பூனை கேட்காமலே அந்தப் பழைய வடிவத்தைத் தேடி எடுத்து ஓடவிட்டாள். அதே நடை, அதே பதினொரு அடி. காவலாளி நின்றான். குனிந்து சட்டை நுனியைப் பார்த்தான். நான்கு மூச்சு நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசினான். குரல் தம்பியுடையது. கனத்து, நிமிர்ந்து, அப்பாவைப் போலவே பேசும் தம்பியின் குரல்.

"இங்க இல்ல."

காவலாளி திரும்பி நடந்தான்.

அப்பா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். "தெரிஞ்சிருக்கு," என்றார். "கதவுச் சட்டத்துக்கு நடுவால என்னைப் பார்த்துட்டே இருந்திருக்கான். படவா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "ஏம்மா, இப்ப அந்தப் பையன் கதவைத் திறந்துட்டு வெளிய வந்தா என்ன ஆகும்?"

பூனை விழித்தாள். "தப்பிச்சோம்னு எல்லாரும் சன்னல் வழியா ஓடிடுவாங்க ஐயா. நானும் வந்து பார்த்ததில்ல."

"வரச் சொல்லு."

அவள் பொத்தானை அழுத்தினாள். அலமாரிக் கதவு திறந்தது. ஒளிந்திருந்தவன் நடையில் வந்து நின்றான். காவலாளி கொஞ்ச தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டியபடி போய்க்கொண்டிருந்தான். பூனை இரண்டடி முன்னால் நடத்தினாள். காவலாளி திரும்பவில்லை. நடையின் கோடி வரை போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான்.

மூவரும் காத்திருந்தார்கள். அவன் நின்றது நின்றபடி இருந்தான்.

"அதுக்கு மேல தம்பி ஒண்ணும் எழுதலப்பா," என்றாள் அக்கா.

அப்பா தலையசைத்தார். குடையை எடுத்துக்கொண்டார். அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனபோது செய்தித்தாளுக்கு மேலாக அந்தப் பார்வை வரவில்லை. அது வராதது அவளுக்கு இன்னும் தாங்க முடியாமல் இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை, யாரையும் கலந்துகொள்ளாமல், கடைசி வீட்டைத் தம்பி எழுதியபடியே திருப்பி வைத்து வெளியிட்டாள். இரண்டு நாள் கூடப் பொறுக்கவில்லை, ஊர் வாய் திறந்தது. காவலாளிக்குப் பார்வை போய்விட்டதா என்று கேட்டார்கள். இருந்த ஒரே நல்ல காட்சியைக் கொன்றுவிட்டார்கள் என்றார்கள். நிற்கும் காவலாளியைப் படம் பிடித்துக் கண்ணாடி மாட்டிவிட்டுச் சிரித்தார்கள். கொடுத்த நட்சத்திரங்களை ஆயிரக்கணக்கில் திரும்பப் பிடுங்கினார்கள். மறைந்த கலைஞன் என்று தலைப்புப் போட்ட அதே பத்திரிகை, 'தம்பியின் மேதைமையைச் சிதைத்த அக்கா' என்று எழுதியது.

வெளியீட்டு நிறுவனத்து மேலாளர் நல்ல மனிதர். கெஞ்சினார். "மேடம், பழையபடி மாத்துங்க. இல்லன்னா ஒரு காரணமாவது சொல்லுங்க. தம்பி ஞாபகமா வச்சதுன்னு ரெண்டு வரி போதும். அத்தனை பேரும் உருகிடுவாங்க. நானே எழுதித் தரேன்."

"அது எங்க வீட்டு விஷயம் சார்."

"அப்ப உங்க பேர்தான் கெடும்."

"கெடட்டும்."

பேசி முடித்துவிட்டு அந்தப் பட்டியலைத் திறந்தாள். முப்பத்தேழாவது குறையை மறுபடி ஏற்றினாள். பெயர் கேட்ட இடத்தில் தம்பியின் பெயரை எழுதினாள். இனி யாரும் அதைத் தொடக் கூடாது என்று பூட்டினாள். அவன் பெயருக்கு நேராக அந்த ஒன்று மட்டும் நின்றது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து போய் அறைக் கதவைத் தாழிட்டுவிட்டு, இத்தனை மாதம் அடக்கி வைத்த அழுகையெல்லாம் அழுதாள். மேசைமேல் தலையைக் கவிழ்த்து, வாயில் துணியை வைத்துக்கொண்டு, வெளியே பதினைந்து பேருக்கும் கேட்காதபடி அழுதாள்.

அப்போதுதான் நடையில் சத்தம் கேட்டது. லாடம் படும் சத்தம். ஒலிப்பதிவு அறை இருக்கும் பக்கத்திலிருந்து வந்தது. காது ஏதோ ஒலித்துண்டை ஓடவிடுகிறார் என்று முதலில் நினைத்தாள். ஆனால் இந்த நடை சற்றுக் குறுகியிருந்தது. விரல் நெருக்குவதுபோல் விட்டு விட்டு வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அவள் தலை நிமிர்ந்தாள். பதினொன்று. அவள் அறை வாசலில் வந்து நின்றது.

கதவுக்கு அடியில் இரண்டு பழுப்பு முனைகள் தெரிந்தன.

அவள் மூச்சு விடவில்லை. உள்ளே அழுவது அவருக்குக் கேட்டிருக்கும். கேட்டுத்தான் வந்திருப்பார். தட்டட்டும் என்று இருந்தாள். ஒரு தடவை, ஒரே தடவை, கதவைத் தட்டித் திறந்துவிடட்டும். நான்கு மூச்சு நேரம் போனது. வெளியே தொண்டையைக் கனைக்கும் சத்தம்.

"உள்ள யாரும் இல்லம்மா," என்று பூனையிடம் உரக்கச் சொன்னார் அப்பா. "அவ எங்கயோ வெளிய போயிருக்கா. அப்புறமா வரேன்னு சொல்லிடு."

லாடச் சத்தம் விலகிப் போகத் தொடங்கியது.

அவள் எழுந்தாள். முகத்தைத் துடைக்கவில்லை. தாழ்ப்பாளை நீக்கினாள். திறந்துகொண்டு நடையில் வந்து நின்றாள். அப்பா பாதி தூரம் போயிருந்தார், முதுகு நேராக, கைகள் பின்னால்.

"அப்பா."

அவர் நின்றார். திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஷூவை எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். முனையில பஞ்சு அடைச்சிருக்கான். கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கு."

"பஞ்சை எடுத்துடட்டுமாப்பா?"

"வேணாம்," என்றார். "இருக்கட்டும்."